பின்லாந்துப் பள்ளியில் என் பயிற்சிப் பாடம்

நம் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறுவோரில் பலர் அடுத்து நாடுவது பி.எட். படிப்பையே. ஆசிரியப் பணி நம் வட்டாரக் குடும்பங்களின் நெடுநாளைய கனவு. ஆயினும் அப்படிப்பின் உயிர்நாடியாகிய பள்ளிப் பயிற்சியைப் பற்றி நாம் மனம்விட்டுப் பேசுவதில்லை. பாடக்குறிப்பேடு, வண்ண அட்டைகள், தலைமையாசிரியரின் கையொப்பம், செய்முறைத் தேர்வு என்று அது ஒரு சடங்கைப்போல் முடிந்துவிடுகிறது. அந்தச் சடங்கை நானும் குறைவறச் செய்தவன்தான். பின்னர் அயல்நாட்டில் அதே பயிற்சியை மீண்டும் ஒருமுறை செய்யும் வாய்ப்புக் கிட்டியது. அங்குக் கண்டதையும், அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதனால் என் மனத்தில் ஏற்பட்ட உறுத்தலையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலக்கையும் இடக்கையும்

நான் பி.எட். படித்தது 2014-15ஆம் கல்வியாண்டில். அப்போது அது ஓராண்டுப் படிப்பு. எங்களுக்குப் பள்ளிப் பயிற்சி நாற்பது நாள். அடுத்த கல்வியாண்டிலிருந்து, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அது ஈராண்டுப் படிப்பாயிற்று. பள்ளிப் பயிற்சியும் இருபது வாரங்களாக நீண்டது. காலம் நீண்டது நல்லதே. ஆனால் நான் சொல்ல வருவது கால அளவைப் பற்றியதன்று.

செய்முறைத் தேர்வன்று நான் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடம் நடத்த வேண்டும். தேர்வாளர்கள் பின்வரிசையில் வந்து அமர்வார்கள். அந்தப் பாடத்தை அதே வகுப்புக்கு முந்திய இரண்டு நாட்களும் நடத்தி ஒத்திகை பார்த்துவிட்டேன். அத்தோடு, எங்களுக்கு முன் பயிற்சி முடித்துச் சென்ற ஓர் அண்ணன் சொல்லிக்கொடுத்த உபாயம் ஒன்றும் கையிலிருந்தது. 'சார் கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை.' இவ்வளவுதான் அது. அன்று நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நாற்பது கைகள் உயர்ந்தன. நான் வலக்கைகளை மட்டும் பார்த்து, பெயர் சொல்லி எழுப்பினேன். விடைகள் தடையின்றி வந்தன. தேர்வாளர்கள் மகிழ்ந்தார்கள், எனக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

மூன்றாம் பெஞ்சில், ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பையன் எல்லாக் கேள்விகளுக்கும் இடக்கையையே தூக்கினான். அவன் பக்கம் பார்வை போகாமல் நான் கவனமாக இருந்துகொண்டேன். அது ஒரு தவறென்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்தக் கை மீண்டும் என் நினைவுக்கு வந்தது நான்கு ஆண்டுகள் கழித்து, பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள பின்லாந்து நாட்டில்.

ஏரிக்கரை நகரம்

முதுகலைக் கல்வியியல் பயின்றபோது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் 2018ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தை யுவாஸ்கூலா என்னும் நகரில் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பைய்யான்னே என்ற பேரேரியின் வடகரையில் உள்ள ஊர் அது. நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். காலையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருளில் வண்டிகளின் கண்ணில் படும்பொருட்டு, சட்டையில் ஒளி பிரதிபலிக்கும் சிறு வில்லைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள்.

பின்லாந்தின் ஆசிரியக் கல்வி வரலாற்றில் அந்த ஊருக்குத் தனியிடம் உண்டு. பின்லாந்து அந்நாளில் ருசியப் பேரரசின் கீழ் இருந்தது. 1917 டிசம்பர் 6ஆம் நாளன்றுதான் அது தன்னுரிமை பெற்றது. ஊனோ சிக்னேயுஸ் என்னும் சமயகுரு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பள்ளிகளை நேரில் கண்டுவந்தபின், 1863ஆம் ஆண்டில் பின்னிய மொழியில் ஆசிரியர்களைப் பயிற்றும் முதல் பயிற்சி நிலையம் யுவாஸ்கூலாவில் தொடங்கப் பெற்றது. ஆண்களும் பெண்களும் அங்கே பயிற்சி பெற்றனர். கைத்தொழிலைப் பொதுக்கல்வியின் பகுதியாகச் சேர்த்த பெருமையும் சிக்னேயுஸையே சாரும். அந்நிலையம் 1934இல் கல்வியியல் கல்லூரியாகவும், 1966இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. விதை ஆசிரியப் பயிற்சி, மரம் பல்கலைக்கழகம். வரிசை இப்படி அமைந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

1972 முதல் 1977 வரை அந்நாட்டில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பத்து, பதினொரு வயதிலேயே பிள்ளைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு சாராரை மட்டுமே மேற்படிப்புக்கு அனுப்பிவந்தார்கள். அதனை ஒழித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளியை வட மாநிலமாகிய லாப்லாந்தில் தொடங்கித் தெற்கு நோக்கிப் படிப்படியாக நிறுவினார்கள். வேறுபட்ட திறமுடைய பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பதற்கு ஆசிரியரின் கல்வி உயர வேண்டுமல்லவா? எனவே 1974இல் ஆசிரியப் பயிற்சி முழுவதும் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டது. 1979ஆம் ஆண்டு முதல், முதல் வகுப்புக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்றாயிற்று.

பயிற்சிப் பள்ளி என்னும் ஏற்பாடு

நம் மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு மருத்துவமனை இருப்பதை நாம் அறிவோம். அங்கு நோயாளிகள் மெய்யான நோயாளிகள். மருத்துவர்களும் மெய்யான மருத்துவர்கள். மாணவர்கள் அவர்களுடன் நின்று கற்கிறார்கள். பின்லாந்தில் ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகங்கள் இதே முறையில் தமக்கெனப் பள்ளிகளை வைத்திருக்கின்றன. அவற்றுக்கு 'நொர்மாலிகோலு' என்று பெயர். அவற்றில் பயில்வோர் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளே. ஆசிரியர்களோ இரட்டைப் பணி உடையவர்கள். பிள்ளைகளுக்குக் கற்பிப்பது ஒன்று. பயிற்சி ஆசிரியர்களை வழிநடத்துவது மற்றொன்று. இரண்டாவது பணி தயவுக்குச் செய்யும் உதவியன்று. அதற்கென நேரமும் ஊதியமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

பயிற்சி ஒரே மூச்சில் முடிந்துவிடுவதுமில்லை. தொடக்கநிலை ஆசிரியராக விரும்புவோர் ஐந்தாண்டு அளவில் பயில்கிறார்கள். அக்காலம் முழுவதும் இடையிடையே பள்ளிப் பயிற்சி வரும். முதலில் உற்றுநோக்கல், பிறகு இருவர் சேர்ந்து ஒரு பாடம், பிறகு தனிப்பாடம், இறுதியில் ஒரு வகுப்பின் முழுப் பொறுப்பு. குறிப்பிட்ட பாடத்துக்கு ஆசிரியராகப் போகிறவர்கள், தம் துறைப் படிப்போடு ஓராண்டு ஆசிரியக் கல்வியும் பெறுகிறார்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்களவு பள்ளியிலேயே கழிகிறது. வகுப்பறையில் கண்டதைப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் விவாதிப்பதும், அங்குப் படித்ததை மறுவாரம் வகுப்பறையில் சோதிப்பதும் நெசவில் ஊடும் பாவும்போல் பிணைந்திருக்கின்றன.

என்னைப் போன்ற பரிமாற்ற மாணவருக்கு இவற்றில் ஒரு சிறு பகுதியே வாய்த்தது. சில வாரங்கள் உற்றுநோக்கல். பிறகு ஆங்கிலத்திலேயே சில பாடங்கள். ஆயினும் பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்க அது போதுமானதாயிருந்தது.

முதல் வாரத்தில் வியந்தவை

பள்ளிக்குள் நுழைந்ததும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நடக்கிறார்கள். நம் வீட்டுப் பழக்கம் என்பதால் எனக்கு அது அந்நியமாகப்படவில்லை. ஆனால் பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் காதில் சுருக்கென்று தைத்தது. இல்லையேல் 'ஓபே' என்பார்கள். ஆசிரியர் என்பதற்கான பின்னியச் சொல்லின் செல்லச் சுருக்கம் அது. என்னையும் இரண்டாம் நாளே பெயர் சொல்லி அழைத்தார்கள். மரியாதை குறைவதாக நினைத்த நான், அப்பிள்ளைகள் ஆசிரியர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பதைக் கண்டு என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

ஒரு பாடவேளை 45 நிமிடம். அதன்பின் 15 நிமிட இடைவேளை என்பது பரவலான வழக்கம். அந்த இடைவேளையில் பிள்ளைகள் வெளியே போய் விளையாட வேண்டும். தரையில் பனி படிந்திருந்தாலும் அதில் மாற்றமில்லை. நண்பகலில் எல்லாருக்கும் விலையில்லாச் சூடான உணவு. இதற்கான சட்டம் 1943இல் இயற்றப்பட்டு, 1948 முதல் நாடு முழுவதும் செயலுக்கு வந்தது. நம் மாநிலத்தில் 1956இல் காமராசர் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியதும் நினைவுக்கு வர, அந்த ஒன்றிலாவது நாம் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர் என்று பெருமிதம் கொண்டேன். அங்கு ஆசிரியர்களும் பிள்ளைகளுடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை சாப்பாட்டு மேசையில் பேசுவதை நான் அங்கேதான் கண்டேன்.

பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆய்வாளர் முறை 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஒன்பதாண்டுப் பள்ளி முழுவதிலும் நாடு தழுவிய பொதுத்தேர்வு கிடையாது. அப்படியானால் ஆசிரியரின் பணியைக் காண்பவர் யார் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. அதற்கான விடை என் முதல் பாடத்தின்போது கிடைத்தது.

என் முதல் பாடம்

ஆறாம் வகுப்பின் ஆங்கிலப் பாடவேளை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். 'நெல்லிலிருந்து சோறு வரை' என்பது நான் தேர்ந்துகொண்ட பொருள். பி.எட். காலத்துப் பழக்கப்படி ஏழு வண்ண அட்டைகள் ஆயத்தம் செய்தேன். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுப்பு, களத்துமேடு, அரைவை ஆலை, வாழையிலையில் சோறு என்று ஏழும் வரிசையாக இருந்தன. எல்லா அட்டைகளையும் முடித்து, சுருக்கமும் கூறி, மணி அடிப்பதற்குச் சரியாக நிறுத்தினேன். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். வகுப்பு என் கையில் இருந்தது என்றே எண்ணினேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த அம்மையார் இருபது ஆண்டுகளுக்குமேல் பணிபுரிந்தவர். பாடம் முடிந்ததும் ஒரு சிறு அறைக்கு அழைத்துச் சென்று, காப்பி ஊற்றிக்கொடுத்துவிட்டு, 'பாடம் எப்படி நடந்ததென்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டார். 'திட்டமிட்டபடி முழுவதும் முடித்துவிட்டேன்' என்றேன். அவர் தலையசைத்து, மேசைமேல் ஒரு தாளை வைத்தார்.

அதில் வகுப்பறையின் இருக்கை வரைபடம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். ஒரு பிள்ளை வாய் திறந்து பேசிய ஒவ்வொரு முறைக்கும் அக்கட்டத்தில் ஒரு புள்ளி. மேலே என் பெயருக்கு நேரே 38 என்று எழுதியிருந்தார். 45 நிமிடத்தில் நான் பேசிய நிமிடங்கள் அவை. நான் கேட்ட கேள்விகள் பதினான்கு. பிள்ளைகளின் விடைகள் ஒன்பது. மீதி ஐந்துக்கு நானே விடை சொல்லியிருந்தேன். அந்த ஒன்பது புள்ளிகளும் ஆறு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. பதினாறு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

'அவர்கள் என்ன கற்றார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டார்.

என்னிடம் விடையில்லை. அவரும் பேசவில்லை. பின்லாந்து மக்கள் உரையாடலில் நேரும் மௌனத்தைக் குறையாகக் கருதுவதில்லை. எதிரிலிருப்பவர் சிந்திக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த மௌனத்தில்தான் ஜன்னலோரத்து இடக்கை எனக்கு நினைவு வந்தது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை, அந்தக் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். நகைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நகைக்கவில்லை. 'அந்தப் பையனுக்குப் பிறகு அந்தப் பாடம் விளங்கிற்றா?' என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நம் நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராகத் தகாதவர்க்கு ஓர் உவமையாகக் கழற்குடத்தைச் சொல்கிறது. கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட முறையில் அல்லாமல் எல்லாம் ஒருசேரக் கொட்டிவிடும். இளங்கலையில் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய பகுதி அது. அன்று அந்தக் குடம் நானே என்பதைக் கண்டுகொண்டேன். அதே பாயிரம் பாடம் சொல்லலைப் பற்றிப் பேசுவதோடு நில்லாமல், பாடம் கேட்டலையும் தனியே வகுத்துப் பேசுவதையும் எண்ணிப்பார்த்தேன்.

ஐந்து விரல்கள்

அடுத்த வாரம் அதே வகுப்புக்கு அதே பொருளில் மற்றொரு பாடம் நடத்த எனக்கு அனுமதி கிடைத்தது. பிழை செய்த இடத்திலேயே திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அளிப்பது அங்குள்ள பயிற்சியின் சிறப்பு. வழிகாட்டி அம்மையாரும், என்னுடன் பயின்ற இருவரும், நானும் உட்கார்ந்து திட்டம் தீட்டினோம். ஏழு அட்டைகளில் ஆறு வெளியேறின. கேள்விகள் பதினான்கிலிருந்து மூன்றாயின. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும், சட்டைப் பைக்குள் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை.

இக்கட்டளைக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறைப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. அந்த இடைவெளியை மூன்று நொடியோ அதற்கு மேலோ ஆக்கினால், பிள்ளைகளின் விடைகள் நீளுகின்றன. 'தெரியாது' என்பது குறைகிறது. முன்பு பேசாதிருந்தவர்கள் பேசுகிறார்கள். பிள்ளைகள் தாமே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். காசு செலவில்லாத மருந்து இது. ஆனால் மூன்று நொடி மௌனம் கரும்பலகையின்முன் நிற்பவனுக்கு மூன்று நாழிகையாகத் தோன்றும் என்பதை நின்று பார்த்தவர்களே அறிவர்.

முதல் கேள்வி: 'உங்கள் வீட்டில் அரிசி எப்போதெல்லாம் சமைப்பீர்கள்?' முதலில் ஒவ்வொருவரும் தனியே இரண்டு நிமிடம் எழுத வேண்டும்; பிறகு பக்கத்திலிருப்பவரோடு பேச வேண்டும்; அதன்பின் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். நான் கேட்டுவிட்டு விரல்களை மடக்கத் தொடங்கினேன். நான்காவது விரல் மடங்கியபோது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வெறும் கட்டமாயிருந்த பதினாறு பேரில் ஒருவன் அவன். கிறிஸ்துமஸ் நாளில் பாலில் அரிசியிட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள் என்றும், அதில் ஒரே ஒரு பருப்பை ஒளித்துவைப்பார்கள் என்றும், அது யார் கிண்ணத்தில் விழுகிறதோ அவருக்கு நற்பேறு என்றும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னான். பருப்பின் பெயருக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவன் எழுந்து வந்து கரும்பலகையில் படம் வரைந்தான். வகுப்பே 'பாதாம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கூவிற்று.

அதன்பின் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. 'நெல் விளையாத நாட்டில் அரிசிக் கஞ்சி எப்படிப் பண்டிகை உணவாயிற்று?' என்பது இரண்டாம் கேள்வி. கப்பலில் வந்திருக்கும் என்றாள் ஒருத்தி. தொலைவிலிருந்து வந்ததால் விலை அதிகமாயிருக்கும், விலை அதிகமானதைப் பண்டிகைக்குத்தானே வாங்குவார்கள் என்றான் வேறொருவன். உண்மையும் அதுவே. முன்னாளில் அங்குப் பண்டிகைக் கஞ்சி வாற்கோதுமையில்தான் காய்ச்சப்பட்டது; இறக்குமதியான அரிசி பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. மூன்றாம் கேள்வியை அவர்களே கேட்டார்கள். 'உங்கள் ஊரில் அரிசி தினமும் உண்டென்றால், பண்டிகைக்கு என்ன செய்வீர்கள்?' நான் பொங்கல் பானையைப் பற்றிச் சொன்னேன். பாலும் அரிசியும்தான் அங்கும் என்று அறிந்து அவர்களுக்குப் பெரும் வியப்பு.

குறைகளும் இருந்தன. இரண்டு குழுக்கள் ஆங்கிலத்தை விட்டுப் பின்னிய மொழிக்குத் தாவிவிட்டன. நடவைப் பற்றிச் சொல்ல நேரமே இருக்கவில்லை. ஆயினும் அன்றைய தாளில் என் பெயருக்கு நேரே 17 என்றிருந்தது. வெறுமையான கட்டங்கள் நான்குதான். 'அந்த நால்வரை அடுத்த முறை எப்படிப் பேசவைப்பீர்கள்?' என்று கேட்டார் அம்மையார். பாராட்டைவிட அக்கேள்வியே எனக்கு உவப்பாயிருந்தது.

பயிற்சி முடிவில் எனக்கு எண் மதிப்பெண் எதுவும் இடப்படவில்லை. நிறைவு செய்தேன் என்ற குறிப்பு மட்டுமே. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது. என்ன நினைத்துச் சென்றேன், என்ன நடந்தது, அடுத்து என்ன செய்வேன் என்ற மூன்றே கேள்விகள். நடந்ததை நடந்தபடி எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் இல்லாததால், உண்மையை எழுத முடிந்தது. பி.எட். காலத்தில் நான் எழுதிய குறிப்பேட்டில் ஒரு பாடமேனும் தோல்வியுற்றதாக ஒரு வரி இல்லை.

அங்கும் எல்லாம் நிறைவில்லை

பின்லாந்தைப் புகழ்ந்து முடித்துவிட்டால் அது முறையான விளக்கம் ஆகாது. பதினைந்து வயது மாணாக்கரின் திறனைப் பன்னாட்டளவில் அளக்கும் பீசா ஆய்வில், 2000ஆம் ஆண்டில் வாசிப்பில் முதலிடம் பெற்று அந்நாடு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் 2006க்குப்பின் இறங்குமுகமே. கணிதத்தில் 2006இல் 548ஆக இருந்த சராசரிப் புள்ளி 2022இல் 484ஆகக் குறைந்துவிட்டது. வாசிப்பில் பெண்களைவிட ஆண் பிள்ளைகள் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் நிலையும் அங்குக் கவலையோடு பேசப்படுகிறது. சீராக அமைந்த பயிற்சிப் பள்ளியில் பழகியவர்கள், நெருக்கடி மிகுந்த சாதாரணப் பள்ளியில் தனியே நிற்கும் முதலாண்டில் திணறுவதாக அந்நாட்டு மாணவர்களே என்னிடம் கூறினார்கள்.

அளவிலும் ஒப்பிட முடியாது. பின்லாந்தின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தின் மக்கள்தொகை 7 கோடியே 21 இலட்சம். ஒவ்வொரு ஆசிரியக் கல்லூரிக்கும் ஒரு பள்ளியைக் கட்டித் தருவதென்பது எளிதில் ஆகக்கூடியதன்று.

நம்மால் இயல்வது

ஆனால் நான் அங்குக் கற்றவற்றுள் சிறந்தவை எவையும் பணத்தால் ஆனவை அல்ல. இருக்கை வரைபடம் வரைய ஒரு தாளும் பென்சிலும் போதும். பயிற்சிக்குச் செல்லும் நண்பர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பாடம் நடத்த மற்றவர் பின்னால் அமர்ந்து புள்ளியிடலாம். கேள்வி கேட்டபின் ஐந்து விரல் மடக்கக் கருவி ஏதும் வேண்டா. பாடம் முடிந்ததும் அரைமணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து, 'யார் பேசவில்லை? ஏன்?' என்று பேசிக்கொள்ளலாம். நம்மைப் பார்வையிட வரும் பெரியோர்களும், அட்டை எத்தனை என்று எண்ணுவதோடு, பிள்ளைகள் எத்தனை பேர் பேசினார்கள் என்றும் எண்ணினால் பயிற்சியின் போக்கே மாறிவிடும். குறிப்பேட்டில் ஒரு தோல்வியையேனும் உண்மையாக எழுதிய மாணவனுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடலாம்.

கல்லூரி வகுப்பறைக்கும் இது பொருந்தும். இங்கு ஆங்கிலத் துறையில் பணிக்குச் சேர்ந்தபின், ஒரு நாள் என் வகுப்பின் இருக்கை வரைபடத்தை வரைந்து, மாணவி ஒருவரிடம் கொடுத்துப் புள்ளியிடச் சொன்னேன். அறுபது பேர் கொண்ட வகுப்பில் புள்ளி விழுந்த கட்டங்கள் ஐந்து. அந்தத் தாளைக் கிழித்தெறியாமல் என் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் அது பதினெட்டாக உயர்ந்திருக்கிறது. போக வேண்டிய தொலைவு இன்னும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு இம்மலரைப் படிப்போரில் சிலர் ஏதோ ஓர் ஊரில் எட்டாம் வகுப்பின்முன் நின்றுகொண்டிருப்பீர்கள். யாராவது ஓர் அண்ணனோ அக்காவோ உங்களுக்கும் அந்த வலக்கை, இடக்கை உபாயத்தைச் சொல்லித்தரக்கூடும். அப்போது உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். தேர்வாளர் வராத ஒரு நாளில் அந்த உபாயத்தைப் பயன்படுத்துங்கள். இடக்கை தூக்கியவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாடத்தை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். நான் தவறவிட்ட அந்தப் பையனுக்கு இப்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதேனும் ஆகியிருக்கும். அவனுக்கு நான் பட்ட கடனை, அவன் போன்ற பிள்ளைகளுக்கு நீங்களாவது தீர்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.